பண்டைய மேற்காசியாவில் வாழ்ந்த சுபாரியர்கள் யார்? அவர்கள் பேசியது, அதே பகுதியில் வாழ்ந்த ஹுரியர் என்ற மக்களின் ஹுரிய மொழியா?

இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இந்தக் கேள்வி பழைய அறிஞர்களையே திணறடித்தது.

பாபிலோனியாவுக்கு (இன்றைய தெற்கு ஈராக்) வடக்கே, டைகிரிஸ் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிய நிலத்தைக் அக்காலக் களிமண் எழுத்துப் பலகைகள் 'சுபர்த்து' என்கின்றன; அங்கே வாழ்ந்தவர்களே சுபாரியர். மெசொப்பொத்தேமியாவின் பழைய பேரரசான அக்காடின் அரசன் நராம்-சின் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் அதையும் சொல்லிக்கொள்கிறான். பிற்காலத்தில் சுபாரிய அடிமைகள் பாபிலோனியச் சந்தைகளில் விற்கப்பட்டார்கள். இவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அயலார். அதுதான் எனக்கு வருத்தம்.

குழப்பம் எங்கே தொடங்கியது? 1887இல் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த பலகைகளில், வடசிரியப் பகுதியை ஆண்ட மித்தானி நாட்டின் அரசன் துஷ்ரத்தா எகிப்திய மன்னன் மூன்றாம் அமென்ஹோத்தெப்புக்கு எழுதிய நீண்ட கடிதம் ஒன்று இருந்தது. அந்தக் கடிதத்தின் மொழியைத்தான் இன்று நாம் ஹுரிய மொழி என்கிறோம். பாபிலோனிய எழுத்தர்கள் தங்கள் சொற்பட்டியல்களில் ஹுரியச் சொற்களுக்குச் சுபர்த்து மொழி என்றே குறிப்பிட்டிருந்ததால், ஆர்தர் உங்நாட் போன்ற அறிஞர்கள் அந்த மொழியையே சுபாரியம் என்றார்கள்.

1944இல் பண்டைய மெசொப்பொத்தேமிய ஆய்வாளர் இக்னஸ் கெல்ப் சுபாரியரையும் ஹுரியரையும் பிரித்தார். பழைய ஆவணங்களில் சுபாரியர் என்று குறிக்கப்பட்டவர்களின் பெயர்கள் பல ஹுரியப் பெயர்களாக இல்லை. ஆகவே ஹுரியர் பிறகு வந்தவர்கள், சுபாரியர் அந்த மண்ணின் மூத்த குடிகள் என்றார். அவர் வாதம் எனக்கு வலுவாகவே படுகிறது.

அப்படியானால் சுபாரியரின் சொந்த மொழி? அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை, ஆட்பெயர்கள்தான் மிச்சம். பெயர்களை மட்டும் வைத்து இலக்கணம் எழுத முடியாது. எனவே அதை ஏதாவதொரு மொழிக்குடும்பத்தில் சேர்த்து யாராவது உறுதியாகப் பேசினால், சான்று எங்கே என்று கேளுங்கள்.