வாகனக் கேள்வி பதில்: நின்றால் வெக்கை, ஓடினால் குளிர்

வெயில் ஏறியதிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஏர்கோனைப் பற்றியவையாகவே இருப்பதால், டயர் கேள்விகளையும் காப்புறுதிக் கேள்விகளையும் ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னுடையது ஒன்பது ஆண்டு பழைய உள்நாட்டுக் கார். காலையில் கிளம்பும்போது ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடும்போதும் குறையில்லை. மதியம் ஜாலான் துன் ரசாக்கில் நெரிசலில் நின்றுவிட்டால் ஐந்து நிமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. பட்டறையில் கேஸ் குறைவு என்று சொல்லி நிரப்பினார்கள்; மூன்றே நாளில் பழைய கதை. இப்போது கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: மாற்ற வேண்டாம், குறைந்தது இந்த வாரம் வேண்டாம். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நிரப்பிய கேஸ் மூன்று நாளில் கசிந்து போயிருந்தால் நெடுஞ்சாலையிலும் குளிர்ந்திருக்காது. ஓடும் காருக்கும் நிற்கும் காருக்கும் இடையே மாறுவது காற்றோட்டம்.

ஏர்கோன் குளிரை உண்டாக்குவதில்லை. கம்ப்ரசர் அழுத்திச் சுற்றவிடும் கேஸ், காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். வெளியே 35 பாகை வெப்பம் இருக்கும் மதியத்தில், கண்டென்சருக்குள் இருக்கும் கேஸ் ஏறத்தாழ 55 பாகையில் இருந்தால்தான் அந்த வெப்பம் காற்றுக்குக் கைமாறும். ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. நிற்கும்போதோ முழுப் பொறுப்பும் விசிறியின் தலையில் விழுகிறது. விசிறி தளர்ந்திருந்தால் வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். ஓர் எல்லையைத் தாண்டியதும், குழாய் வெடித்துவிடாமல் இருக்க, அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். முன்னால் நிற்கும் பேருந்தின் புகையும் தார்ச்சாலையின் சூடும் சேரும்போது என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டறைக்குப் போவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனை முழு வேகத்தில் வைத்து, விசிறி சுழலும் நேரத்தில் பழைய நாளிதழின் ஒரு தாளைக் காரின் முன்கிரில்லுக்கு எதிரே பிடியுங்கள். பெரும்பாலான கார்களில் விசிறி ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்துகொண்டு முன்பக்கக் காற்றை இழுப்பதால், தாள் கிரில்லில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் விசிறிக்கு வலு இல்லை. இரண்டு விசிறி உள்ள காரில் ஒன்று சுழல்வதைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். மற்றொன்று செத்துக் கிடக்கலாம். அடுத்து, தோட்டக் குழாயால் கண்டென்சர் மீது மெல்லத் தண்ணீரைத் தூவுங்கள். இரண்டொரு நிமிடத்தில் உள்ளே குளிர் திரும்பினால் கேஸும் கம்ப்ரசரும் நலமாக இருக்கின்றன, பழுது காற்றோட்டத்தில்தான் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். நெரிசலில் எஞ்சின் வெப்பமானியின் முள்ளும் வழக்கத்தைவிட மேலே ஏறுகிறதென்றால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது.

விசிறி மோட்டாரின் கார்பன் தேய்வது, அதற்கு மின்சாரம் விடும் ரிலே கருகுவது ஆகியவை ஒன்பது ஆண்டு காருக்குப் புதிதல்ல. கம்ப்ரசர் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. விசிறி நன்றாகச் சுழன்றும் தாள் ஒட்டவில்லை என்றால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். உள்ளே காய்ந்த இலையும் பூச்சி இறகும் மண்ணும் கலந்து கம்பளி போலப் படிந்திருக்கும். கழுவும்போது அழுத்தம் மிகுந்த குழாயைப் பயன்படுத்தினால் காகிதம் போன்ற தகடுகள் மடங்கி, இருந்த காற்று வழியும் அடைபட்டுவிடும்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால் மட்டும் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆர்-134ஏ கேஸ் உள்ள காரில், நம் ஊர் மதிய வெயிலில், தாழ்வழுத்தப் பக்கம் 30 முதல் 45 பிஎஸ்ஐ வரையிலும் உயரழுத்தப் பக்கம் 200ஐ ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருப்பது இயல்பு. கீழே இருக்க வேண்டிய முள் மேலேறி, மேலே இருக்க வேண்டிய முள் கீழிறங்கி, இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கினால் கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த அளவைக் காட்டிவிட்டு மாற்றச் சொன்னால் மாற்றுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு இரண்டு முறை ஏர்கோன் கேஸ் நிரப்புகிறேன். அது வழக்கம்தான் என்கிறார் மெக்கானிக். இல்லவே இல்லை என்கிறார் என் அண்ணன். யார் சொல்வது சரி? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. பெட்ரோல் எரிந்து தீர்கிறது. கேஸ் தீர்வதில்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் குழாய்கள் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டிய அளவுக்குக் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இதில் நானும் ஏமாந்தவன்தான். ஓர் ஆண்டில் மூன்று முறை ஒரே பட்டறையில் கேஸ் நிரப்பினேன். நான்காவது முறை வேறு இடத்துக்குப் போனபோது, அங்கிருந்த பெரியவர் கேஜைத் தொடவே இல்லை. குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, விரலை என்னிடம் காட்டினார். எண்ணெயும் தூசியும் கலந்த கறுப்புப் பசை. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய் ஈரமும் அதில் ஒட்டிய தூசியும் அடையாளமாகத் தங்கிவிடும். பழுது, இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஒரு ஓ-ரிங். சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை.

ஆகவே அடுத்த முறை "கேஸ் போடுங்கள்" என்று சொல்லாமல் "எங்கே கசிகிறது என்று பாருங்கள்" என்று சொல்லுங்கள். இணைப்புகள், கல் பட்ட கண்டென்சர், கம்ப்ரசரின் முன் சீல், டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில், மூடி தொலைந்த கேஸ் நிரப்பும் வால்வு ஆகியவை வழக்கமான இடங்கள். சோப்பு நீரில் தெரியாத கசிவு, நைட்ரஜன் அழுத்தத்திலோ ஒளிரும் சாயத்திலோ அகப்படும். கசிவை அடைத்த பிறகு, ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும் வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு, நிறுத்தியபின் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு கலந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும்.

கேஸை எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். குழாயில் வியர்வை கட்டும் வரை ஏற்றும் பழக்கத்தில் அளவு மீறிப்போவது சாதாரணம். அதிகமானாலும் குளிர் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. கேஸின் வகையும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் ஆர்-12 இருந்தது. ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் அது விலக்கப்பட்டு ஆர்-134ஏ வந்தது. புதிய கார்கள் பலவற்றில் இப்போது ஆர்-1234ஒய்எஃப் இருக்கிறது. ஒன்றோடு ஒன்றைக் கலக்கக் கூடாது.

கேள்வி: முதல் அரை மணி நேரம் பனி போலக் குளிர்கிறது. பிறகு காற்றே வருவதில்லை. மோட்டார் சத்தம் மட்டும் கேட்கிறது. சற்று நேரம் நிறுத்தி எடுத்தால் மீண்டும் சரியாகிவிடுகிறது. (வாசகர், கெப்போங்)

பதில்: கூலிங் காயிலில் பனிக்கட்டி படிகிறது. அடுத்த முறை காற்று நின்றதும் ஏர்கோன் பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, விசிறியை ஓடவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பி, காருக்கு அடியில் தண்ணீர் நிறையச் சொட்டினால் ஐயமே இல்லை. காயில் உறைந்துபோகும் முன் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சர் பழுதாகியிருக்கலாம். கேஸ் குறைந்தாலும் இப்படி ஆகும். ஆனால் முதலில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு ஜெரெபு (புகைமூட்டப்) பருவத்தைத் தாண்டிய ஃபில்டர், காற்றை மறிக்கும் சாம்பல் நிற அட்டையாக மாறியிருக்கும்; காற்று குறைந்தாலும் காயில் உறையும். கழற்ற ஐந்து நிமிடம் போதும், கருவியும் வேண்டாம். பழைய கார்கள் சிலவற்றில் ஃபில்டரே கிடையாது. அவற்றில் தூசி நேராகக் காயிலில் போய்ப் படிவதால் காயிலையே கழுவ வேண்டும்.

கேள்வி: பத்துமலையில் திறந்தவெளியில் காரை நிறுத்துகிறேன். ஏறியதும் ஏர்கோனை முழுதாகத் திருப்பினாலும் இருபது நிமிடம் கொதிக்கிறது. பழுதா? (வாசகி, செலாயாங்)

பதில்: பழுது என்று சொல்ல மாட்டேன். அடைபட்ட கார் வெயிலில் நின்றால் உள்ளே 60 பாகையைத் தொடுவது அரிதல்ல; அந்தக் காற்றைக் குளிர்விப்பதைவிட வெளியே தள்ளிவிடுவது எளிது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு ஏற்றிவிட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்துங்கள். அந்தப் பொத்தான் வெளிக்காற்று நிலையில் மாதக்கணக்காக இருப்பதைக் கவனிக்காமல், ஏர்கோன் பலவீனம் என்று வருபவர்கள் உண்டு. கண்ணாடியில் டிண்டட் படலம் ஒட்டுவதாக இருந்தால், 2019 முதல் உள்ள மலேசிய விதிப்படி முன்கண்ணாடி 70 விழுக்காடும் முன்பக்கவாட்டுக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும். பின்புறத்துக்கு வரம்பு இல்லை. வெப்பத்தைத் தடுப்பது கறுப்பு நிறம் அல்ல, படலத்தின் தரம்.

கேள்வி: கம்ப்ரசர் உள்ளே உடைந்துவிட்டது. பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா? (வாசகர், செத்தாப்பாக்)

பதில்: மாட்டலாம். ஆனால் உடைந்த கம்ப்ரசர் தன் இரும்புத் துகள்களைக் குழாய் முழுவதும் அனுப்பியிருக்கும். குழாய்களைக் கழுவாமல், டிரையரையும், கேஸின் அழுத்தத்தைக் குறைத்துக் காயிலுக்குள் விடும் எக்ஸ்பென்ஷன் வால்வையும் மாற்றாமல் அதைப் பொருத்தினால், அந்தத் துகள்களே இரண்டாவது கம்ப்ரசரையும் சில வாரங்களில் தின்றுவிடும். இக்காலக் கண்டென்சர்களின் நுண்குழாய்களில் துகள் சிக்கினால் கழுவியும் போகாது. அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கடைக்காரர் சொன்ன விலையோடு இவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.