ஒரு இண்டக்ஷன் அடுப்பு, மூணு லிட்டர் குக்கர்: அறைச் சமையல் கேள்வி பதில்

விடுதியை விட்டு வாடகை அறைக்கு மாறி, சொந்தமாகச் சமைக்கத் தொடங்கிய மாணவர்களின் கேள்விகள் இவை. அளவுகள் ஒருவர் அல்லது இருவருக்கானவை. கப் என்று வருமிடத்தில் 200 மில்லி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசியை எந்த டம்ளரில் அளந்தீர்களோ தண்ணீரையும் அதிலேயே அளக்க வேண்டும்.

கேள்வி: அக்கா, துவரம்பருப்பு ஆறு விசில் விட்டும் முழுசு முழுசா நிக்குது. மத்தால கடைஞ்சாலும் மசியல. நேரம் மிச்சம்னு தக்காளி, புளித்தண்ணி எல்லாத்தையும் பருப்போடயே போட்டு வேக வைக்கிறேன். அதுவா காரணம்?

பதில்: பாதிக் காரணம் அதுதான். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் பருப்பு மசியும். புளிப்பு அதைக் கரைய விடாது. நீங்கள் விசிலைக் கூட்டினாலும் பருப்பு பிடிவாதமாக நிற்கும்.

மீதிப் பாதி தண்ணீராக இருக்கலாம். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதே பெக்டினை இறுக்கிவிடும். ஒருமுறை கேன் தண்ணீரில் வேக வைத்துப் பாருங்கள். குழைந்து வந்தால் குற்றவாளி உங்கள் குழாய். அப்படியும் வேகவில்லையென்றால் பருப்பு ரொம்பப் பழசு, கடையை மாற்றுங்கள்.

கால் கப் பருப்பைக் கழுவி, வெந்நீரில் அரைமணி ஊற வையுங்கள். முக்கால் கப் தண்ணீர், இரண்டு சிட்டிகை மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய். நான்கு விசில் போதும். விசிலைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். தானாக அடங்கும் அந்தப் பத்து நிமிடமும் பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

சாம்பாருக்கு வரிசை முக்கியம். முதலில் காய், சாம்பார்பொடி, உப்பு, தண்ணீர். காய் முக்கால் பதம் வெந்த பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடம் கொதி. கடைசியில் மசித்த பருப்பு, ஒரே கொதி, இறக்கம். புளி ஊற்றிய பிறகு போட்ட உருளைக்கிழங்கும் இந்தப் பருப்பு மாதிரியே கடுக்கடுக்கென்று நிற்கும், காரணம் ஒன்றுதான்.

கேள்வி: போன மாசம் பொன்னி அரிசிக்கு ஒண்ணுக்கு மூணு தண்ணி வச்சேன், உதிரியா வந்துச்சு. இந்த மாசமும் பொன்னிதான், அதே மூணு. களி மாதிரி ஆயிடுச்சு.

பதில்: பையில் பொன்னி என்று மட்டும் பார்த்திருக்கிறீர்கள். பச்சரிசியா, புழுங்கலா என்று பாருங்கள். பொன்னி இரண்டிலும் வரும். புழுங்கலுக்கு அரைமணி ஊறிய பின் ஒன்றுக்கு மூன்று. பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, குழைவாக வேண்டுமானால் இரண்டரை. பாசுமதிக்கு ஒன்றரை. இரண்டுமே புழுங்கல்தான் என்றால், இந்த மூட்டை புது அரிசி. அறுவடையாகி அதிக நாளாகாத அரிசி குறைவாகத்தான் தண்ணீர் இழுக்கும், ஒட்டவும் செய்யும். கால் கப் குறைத்து வையுங்கள். மூட்டை மாறினால் முதல் நாள் அரை கப் மட்டும் வடித்துப் பார்ப்பது நல்லது.

குழைந்ததை வீணாக்க வேண்டாம். சூடாக இருக்கும்போதே மசித்து, அரை கப் பால் ஊற்றி, ஆறிய பிறகு தயிர் கலந்து தாளித்தால் நல்ல தயிர்சாதம். சொல்லப்போனால் அதற்குக் குழைந்த சோறுதான் லாயக்கு.

வேகாமல் நறுக்கு நறுக்கென்று இருந்தால், இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் தெளித்து மூடி, சிறுசூட்டில் இன்னொரு விசில்.

கேள்வி: குக்கர்ல விசில் வர்றதுக்கு முன்னாடி மஞ்சத் தண்ணியா பீய்ச்சி அடிக்குது. சில நாள் விசிலே வர மாட்டேங்குது, ஓரத்துல புகை மட்டும் வருது.

பதில்: இவை இரண்டு வேறு நோய்கள், தம்பி. பீய்ச்சி அடிப்பது அளவு மீறியதால். எந்தக் குக்கரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரைக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் பாதிதான் எல்லை. பருப்பில் விட்ட இரண்டு சொட்டு எண்ணெய் நுரையை அடக்கும். பருப்பை நேராகப் போடாமல், குக்கரில் ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு உள்ளே டிபன் பாத்திரத்தில் வைத்தால் தொல்லையே இல்லை. மேலே இன்னொரு சின்னப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் வெந்துவிடும். சூட்டையும் கவனியுங்கள்: ஆவி சீராக வரும்வரை 1200 வாட், விசில் போட்டதும் 800, முதல் விசிலுக்குப் பின் 600. முழுச்சூட்டில் அடுத்தடுத்து அடிக்கும் ஆறு விசில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சிறுசூட்டில் அதே ஆறுக்குக் கால்மணிக்கு மேல் ஆகும். ஆகவே கடிகாரத்தையும் ஒரு கண் பாருங்கள்.

ஓரத்தில் புகை வந்தால் கேஸ்கெட், அதாவது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம், தளர்ந்திருக்கிறது. தண்ணீரில் கழுவி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் அன்றைக்கு ஓடும். கேஸ்கெட் விறைத்து, வெடிப்பு விட்டிருந்தால் புதுசு வாங்கிவிடுங்கள். உங்கள் குக்கர் கம்பெனியின் அதே லிட்டர் அளவுதான் பொருந்தும். ஓரத்திலும் புகை இல்லை, விசிலும் இல்லை என்றால் உடனே அடுப்பை அணைக்கவும். ஆவிக்குழாய் அடைத்திருக்கிறது. முழுவதும் ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும். சமைக்கும் ஒவ்வொரு நாளும் இதைப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

கேள்வி: அம்மா குடுத்த குக்கர் இண்டக்ஷன்ல சூடே ஆகல. அடுப்பு ரிப்பேரா?

பதில்: அலுமினியக் குக்கராக இருக்கும். அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்ஷனில் சூடேறும்.

கேள்வி: ரவா உப்புமா ஒவ்வொரு தடவையும் கட்டி தட்டுது. உள்ள உடைச்சுப் பாத்தா வெள்ளையா பச்ச ரவை.

பதில்: ரவையை ஒரே இடத்தில் கொட்டினால், குவியலின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகி உள்ளே தண்ணீர் போகாமல் அடைத்துவிடும். அதுதான் அந்த வெள்ளை. ஒரு கப் ரவையை ஒரு தேக்கரண்டி நெய்யில், மணம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுங்கள். ‘வறுத்த ரவை’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் இதைச் செய்யுங்கள். நெய் பூசிய ரவை ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டரை கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகு சூட்டைக் குறைத்து, ஒரு கையால் மழைச்சாரல் மாதிரித் தூவி, மறு கையால் கிளறுங்கள். தண்ணீர் இழுத்ததும் மூடி மூன்று நிமிடம். ஏற்கனவே கட்டி விழுந்துவிட்டால் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி, கால் கப் கொதிநீர் தெளித்து மூடுங்கள். பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: ரசம் கசக்குது அக்கா. மிளகு, சீரகம் நிறைய போட்டு நல்லா கொதிக்க விட்டேன், சத்து இறங்கட்டும்னு.

பதில்: ரசத்தைக் கொதிக்க விடக் கூடாது. கொதிக்க வேண்டியது புளித்தண்ணீர் மட்டும்தான். நெல்லிக்காய் அளவு புளி, பிசைந்த தக்காளி ஒன்று, மஞ்சள், உப்பு, இரண்டு கப் தண்ணீர். ஏழு நிமிடம் கொதி. ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், மூன்று பல் பூண்டை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, ஓரம் நுரை கட்டி மேலே ஏறி வரும்போது அணைத்துவிடுங்கள். கொத்தமல்லித்தழை போட்டு மூடுங்கள். மிளகு நேரம் போகப் போக வாசனையை விட்டுவிட்டு உறைப்பையும் கசப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளும். தாளிப்பில் சீரகம் கருகினாலும், பெருங்காயம் கூடினாலும் இதே கசப்புதான். பெருங்காயத்தூள் இரண்டு சிட்டிகை போதும்.

கேள்வி: குழம்புல உப்பு கூடிப்போச்சு. உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமாமே?

பதில்: உருளைக்கிழங்கு இழுப்பது உப்புத் தண்ணீரை; உப்பை மட்டும் பிரித்து எடுக்கும் வித்தை அதற்குத் தெரியாது. குழம்பு குறையும், உப்பு விகிதம் அப்படியேதான் இருக்கும். உப்பில்லாத எதையாவது சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றுதான் வழி: சாம்பாருக்கு வெந்த பருப்பு, காரக்குழம்புக்கு அரைத்த தேங்காய் அல்லது தேங்காய்ப்பால், ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர். மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊட்டியில படிக்கிறேன். மிக்ஸியில அரைச்ச இட்லி மாவு காலையில அப்படியே கிடக்கு, பொங்கவே இல்ல. இட்லி கல்லு. கையால கலக்கலைன்னு தோழி சொல்றா.

பதில்: கைராசியை விடுங்கள். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிரிகள், முக்கியமாக லூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ், பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வருபவை. உங்கள் ஊரில் அவற்றுக்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். மாவுக்கு 28 முதல் 32 டிகிரி சூடு பிடிக்கும்.

இரண்டு கப் இட்லி அரிசிக்கு அரை கப் முழு வெள்ளை உளுந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம். ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்து ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதையே ஊற்றி அரையுங்கள். மிக்ஸி ஜாரைத் தொட்டால் சுடுகிறது என்றால் நிறுத்தி இரண்டு நிமிடம் விட்டு ஓட்டுங்கள். சூடான உளுந்து மாவில் காற்று நிற்காது. உளுந்து வெண்ணெய் மாதிரி, அரிசி நைஸ் ரவை மாதிரி. மாவைத் துளி எடுத்துத் தண்ணீரில் போட்டால் உளுந்து மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரைக்கணும்.

குளிருக்கு வழி: குக்கரில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டு, அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, விசில் போடாமல் மூடி, போர்வை சுற்றி வையுங்கள். நடுவில் ஒருமுறை வெந்நீரை மாற்றணும். பதினான்கு மணி நேரமாவது ஆகும், காலையில் வேண்டுமானால் முந்தைய நாள் மதியமே அரைத்திருக்க வேண்டும். உப்பு புளிப்பைத் தாமதமாக்கும். குளிர் ஊரில் பொங்கிய பிறகு போடுங்கள். பொங்காத மாவில் வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுத் தோசை வார்க்கலாம். அதில் இட்லி மட்டும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ராஜ்மா ஊற வைக்க மறந்துட்டேன். எலக்ட்ரிக் ரைஸ் குக்கர்ல ரெண்டு மணி நேரம் விட்டா போதுமா?

பதில்: வேண்டாம், இது ருசிப் பிரச்சினை இல்லை. சரியாக வேகாத ராஜ்மாவில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ‘வார்ம்’ போன்ற கொதிக்காத சூட்டில் அது அழியாது. இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷர் குக்கரில் முதல் விசிலுக்குப் பின் சிறுசூட்டில் அரைமணி. விரலால் நசுக்கினால் வெண்ணெயாக நசுங்கணும், நடுவில் மாவு மாதிரி இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். தக்காளி மசாலா அதற்குப் பிறகுதான். ஏன் என்று முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: ராத்திரி வடிச்ச சோறு, ஃப்ரிட்ஜ் இல்ல. காலையில லெமன் சாதம் பண்ணலாமா?

பதில்: நம்ம ஊர் வெயிலில் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாகாது. வெளியில் கிடக்கும் சோற்றில் அவை பெருகி வெளியிடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரை கப் அரிசி. அதை மட்டும் வடியுங்கள். ஃப்ரிட்ஜ் கிடைத்தால் சோற்றைத் தட்டில் பரப்பி ஆற்றி, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும்.

லெமன் சாதம் கசப்பதாக வேறு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அடுப்பில் வாணலி இருக்கும்போது பிழிகிறீர்கள். அணைத்து, சோறும் தாளிப்பும் கலந்த பிறகு பிழியுங்கள். விதை விழக் கூடாது; தோல் மடங்கும் அளவுக்கு நசுக்கவும் கூடாது.

கேள்வி: முதல் தடவையா தக்காளித் தொக்கு சூப்பரா வந்துச்சு! அரை கிலோ தக்காளி, நாலு கரண்டி நல்லெண்ணெய். எத்தனை நாள் வச்சுக்கலாம்?

பதில்: எண்ணெய் பிரிந்து ஓரம் விட்டதா? விட்டிருந்தால் தண்ணீர் நன்றாகச் சுண்டியிருக்கிறது. உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில், ஆறிய பிறகு போட்டு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். வெளியில் இரண்டு நாளுக்கு மேல் நம்ப வேண்டாம். ஈரக் கரண்டி போட்டால் அந்த இரண்டு நாளும் இல்லை. அடுத்த முறை பாதி சுண்டியதும் சின்ன உருண்டை புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். இன்னும் தாங்கும், ருசியும் எழும்பும்.

கேள்வி: முட்டை அவிச்சா மஞ்சக் கருவைச் சுத்தி பச்சையா வளையம். கெட்டுப்போச்சா?

பதில்: கெடவில்லை, அதிகமாக வெந்துவிட்டது. வெள்ளைக்கருவின் கந்தகம் மஞ்சள் கருவின் இரும்போடு சேர்ந்த நிறம் அது. கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம், உடனே பச்சைத் தண்ணீர்.