வெள்ளியங்கிரி ஏற ஆறு வாரம் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் ஐடி வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். பிபி, சுகர் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன். சித்ரா பௌர்ணமிக்கு நண்பர்களோடு வெள்ளியங்கிரி ஏறித் திரும்பலாம் என்று திட்டம். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மேலே ஆக்சிஜன் குறைவு என்கிறார்களே, சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டுமா?

பதில்: சிலிண்டர் காசை மிச்சம் பிடியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி உச்சி அதைவிடத் தாழ்வுதான். ஊட்டியில் வர்க்கி வாங்க வரிசையில் நின்றபோது உங்களுக்கு மூச்சு முட்டியதா? உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். 2024 சீசனில் இந்த மலையில் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோதும் ஆக்சிஜன் பேச்சுதான் பரவியது. நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, வயிறு முட்டப் பரோட்டா சாப்பிட்டு, தூங்காமல் மலையடிவாரப் பூண்டி போய் இறங்கி, நண்பர்களின் வேகத்துக்கு ஏறுகிறோமே, அதற்கு. இதயக் குழாயில் அடைப்பு இருப்பதே தெரியாதவருக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கி.மீ. கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 330 மாடிக்கும் மேலே. வழியில் ஏழு மலைகள், அதிலும் முதல் மலைதான் ஆளை ஏமாற்றும். உடம்பு சூடேறும் முன்பே செங்குத்தான படிகள். கூட வருகிறவர்கள் கோஷம் போட்டு ஏற, நாமும் விடுவிடுவென்று போய்விடுவோம். முதல் முறை நானும் அப்படித்தான் ஏறி, வெள்ளை விநாயகர் கோயிலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

அதனால் வேகத்துக்கு ஒரே அளவுகோல்: ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிகிறதா? முடியாவிட்டால் வேகம் அதிகம். முதல் மலையில் பாட்டிமார்கள் உங்களைத் தாண்டிப் போனால் போகட்டும்.

இப்போது ஆறு வாரத்துக்கு வருவோம். முதல் வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். நடக்கவைத்து இதயத்தைச் சோதிக்கும் டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். உங்கள் வயதுக்கும் மாத்திரைகளுக்கும் நான் தேவை என்றுதான் சொல்வேன். சுகர் மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் பெரிய கவலை இல்லை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ என்றால் பல மணி நேரம் ஏறும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அன்றைய அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குளுக்கோஸ் பொடி சட்டைப் பையில் இருக்கட்டும். பைக்குள் ஆழத்தில் இருந்தால் கை நடுங்கும்போது எடுக்க முடியாது. பிபி மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், வியர்வையோடு அதுவும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றும்.

டாக்டர் சரி என்றால் வாரத்துக்கு நான்கு நாள் படி ஏறுங்கள். அபார்ட்மென்ட் படி போதும். வார இறுதியில் மருதமலைப் படிக்கட்டில், முதலில் ஒரு தடவை, நான்காவது வாரத்தில் முதுகில் பையோடு இரண்டு தடவை. இறங்கும்போது லிஃப்டையோ பஸ்ஸையோ தேடாதீர்கள். ஏற்றம் மூச்சைச் சோதிக்கும், இறக்கம் தொடையையும் முட்டியையும் உடைக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழக்கமில்லாத தசை அதில்தான் கிழிபடும். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இறக்கத்தில் தடியை முன்னால் ஊன்றி, பாரத்தைக் கைக்குக் கொஞ்சம் கொடுத்து, பிறகு காலை வையுங்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஷூ முனையில் இடித்துக் கருத்துப்போகும்.

ஐந்தாவது வாரம் ஒரு முழு ஒத்திகை: இரண்டு மணி நேரம் நிற்காமல் படி ஏறி இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அடுத்த சீசன். பிப்ரவரி முதல் மே வரை விடுகிறார்கள், மலை எங்கும் போகாது.

ஒத்திகை தேறிவிட்டாலும் சித்ரா பௌர்ணமி வேண்டாம். அன்று கூட்டம் தள்ளுகிற வேகத்தில்தான் நகர முடியும். வழியில் உட்காரக்கூட இடம் கிடைக்காது. கூட்டம் குறைந்த வாரநாள் ஒன்றில் லீவு போடுங்கள். பகல் வெயிலைத் தவிர்க்க ராத்திரி ஏறுவதானால், அன்று மதியமே மூன்று மணி நேரமாவது தூங்கிவிட்டுப் புறப்படுங்கள். காட்டில் யானை உண்டு. கூட்டத்தை விட்டுத் தனியாகப் பாதை மாறாதீர்கள்.

தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், டார்ச், ஒரு ஸ்வெட்டர். ஆறாவது மலையில் இருக்கும் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏழாவது மலைக் காற்றில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கே பல் கிட்டும். மாற்றுத்துணி இல்லாமல் அங்கே குளிக்காதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல், இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் ஏறுவதை அங்கேயே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு மலைதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அங்கே ஆம்புலன்ஸ் வராது, டோலியில்தான் தூக்கி இறக்க வேண்டும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். இதைக் கிளம்பும் முன்பே நண்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

அப்புறம், திரும்பும்போது காரை ஓட்ட மலை ஏறாத ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிரேக்கை மிதிக்கக் கால் ஒத்துழைக்காது.