போப் சொன்னால் யார் கேட்கிறார்கள்? – கேள்வி பதில்

உலக விவகாரங்களில் போப்பாண்டவர் பேசுவதற்கு என்ன தகுதி என்ற ஒரே கேள்வியைத்தான் பலரும் பல விதமாக அனுப்பியிருக்கிறீர்கள். நான் கத்தோலிக்கன், பல வருடம் வரலாறு சொல்லிக்கொடுத்தவனும்கூட. பதில்களில் இரண்டின் சாயலும் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வத்திக்கானுக்கு இருப்பது 44 ஹெக்டேர் நிலம். பெயருக்குக்கூட ஒரு பீரங்கி இல்லை. அங்கே எதற்குத் தூதர்கள்? (மதுரை வாசகர்)

தூதர்கள் போவது அந்த நிலத்துக்கு இல்லை, திருப்பீடத்துக்கு, அதாவது போப்பின் பதவிக்கும் அவரது நிர்வாகத்துக்கும். 1870இல் இத்தாலியப் படை ரோமைப் பிடித்துக்கொண்டது. 1929இல் முசோலினியோடு ஒப்பந்தம் ஆகும்வரை போப்புக்கென்று ஒரு நாடே கிடையாது. அந்த 59 வருடமும் பல நாடுகள் அவரிடம் தூதர்களை வைத்திருந்தன. இப்போது 180க்கும் மேற்பட்ட நாடுகளோடு உறவு உண்டு; 1964 முதல் ஐ.நா.வில் பார்வையாளர் இடமும் இருக்கிறது. அரசாங்கங்கள் பக்தியால் தூதர் அனுப்புவதில்லை. காங்கோவின் உள்கிராமத்தில் என்ன நடக்கிறது என்பது தலைநகரின் தூதரகங்களுக்குத் தெரிவதற்கு முன்பே அங்குள்ள பங்குச் சாமியாருக்குத் தெரிந்துவிடும். அந்தச் செய்தி கடைசியில் ரோமுக்குத்தான் போய்ச் சேரும்.

போப்பிடம் எத்தனை டிவிஷன் படை இருக்கிறது என்று ஸ்டாலின் 1935இல் கிண்டலடித்ததாக சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். நம்மில் பலர் இன்றும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம்.

பேசுவதெல்லாம் சரி. எந்தப் போரையாவது எந்தப் போப்பாவது நிறுத்தியதுண்டா? (கோவை வாசகர்)

உண்டு. அந்தப் போர் நடக்காமலே போனதால் நம் ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் பீகிள் கால்வாய். அதன் வாயில் பிக்டன், நுவேவா, லென்னாக்ஸ் என்று மூன்று சின்னத் தீவுகள். அவை யாருடையவை என்பதுதான் அர்ஜென்டினாவுக்கும் சிலிக்கும் தகராறு. 1977இல் நடுவர் மன்றம் சிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஜனவரியில் அர்ஜென்டினாவின் ராணுவ அரசு அதை ஏற்க மறுத்தது. 1978 டிசம்பர் 22 அன்று தாக்குதலுக்கு நாள் குறித்து, கப்பல்களும் கிளம்பிவிட்டன. கடலில் புயல். அந்த இடைவெளியில், பதவிக்கு வந்து இரண்டே மாதம் ஆகியிருந்த இரண்டாம் யோவான் பவுல் தன் தூதரை அனுப்புவதாகச் செய்தி வந்தது. தாக்குதல் நின்றது.

வந்தவர் கர்தினால் அன்டோனியோ சமோரே, வயது 73. கிறிஸ்துமஸ் விடுமுறை என்றும் பாராமல் புவெனோஸ் ஐரிஸுக்கும் சாண்டியாகோவுக்கும் மாறி மாறிப் பறந்தார். 1979 ஜனவரி 8 அன்று மொண்டெவிடியோவில் இரு தரப்பும் ஆயுதம் எடுப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டன. 1980 டிசம்பரில் போப் தன் யோசனையைச் சொன்னார்: தீவுகள் சிலிக்கு, கடல் உரிமையில் அர்ஜென்டினாவுக்கும் பங்கு. சிலி ஒத்துக்கொண்டது. அர்ஜென்டினா பதிலே சொல்லாமல் இழுத்தடித்தது. அப்புறம் 1982இல் மால்வினாஸ் (ஃபாக்லாந்து) தீவுகளில் பிரிட்டனிடம் தோற்று ராணுவ ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த அல்ஃபொன்சின் மக்களிடமே கேட்டார். 80 சதவீதத்துக்கு மேல் சம்மதம். 1984 நவம்பர் 29 அன்று வத்திக்கானில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் பார்க்க சமோரே இல்லை, 1983இலேயே காலமாகிவிட்டார். இரு நாடுகளுக்கும் நடுவே உள்ள ஒரு மலைக் கணவாய்க்கு இன்று அவர் பெயர்.

அந்தத் தளபதிகள் பக்திமான்கள் என்பதால் பணிந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சொந்த மக்களையே கடத்திக் காணாமல் போகச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். மரத்தில் ஏறியாகிவிட்டது, மானம் போகாமல் இறங்க ஓர் ஏணி வேண்டும். நீதிபதி சொல்லி விட்டுக்கொடுத்தால் தோல்வி. போப் சொல்லி விட்டுக்கொடுத்தால் மரியாதை. போப்பின் அதிகாரம் என்று நான் நினைப்பது அநேகமாக இந்த ஏணியைத்தான்.

அதே போப் 2003இல் இராக் போரை ஏன் தடுக்க முடியவில்லை?

அமெரிக்க அதிபர் புஷ் இறங்க விரும்பவில்லை, அவ்வளவுதான். புஷ் குடும்பத்துக்கு நன்கு பழக்கமான கர்தினால் பியோ லாகியையே வாஷிங்டனுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மார்ச் 5, சாம்பல் புதனன்று சந்திப்பு. மார்ச் 20இல் குண்டு விழுந்தது.

யூதர்களைக் கொன்றபோது பன்னிரண்டாம் பயஸ் வாய் மூடி இருந்தாரே? அதற்குப் பிறகும் ஒழுக்கம் பற்றிப் பேச உரிமை இருக்கிறதா? (சென்னை வாசகர்)

இதைச் சாக்குச் சொல்லித் தாண்டிப் போக எனக்கு மனமில்லை.

பேச வழி இல்லாமல் இல்லை. அவருக்கு முந்தைய போப், பதினொன்றாம் பயஸ், 1937இல் நாஜிகளைக் கண்டித்து ஜெர்மன் மொழியிலேயே சுற்றுமடல் எழுதினார். அது ரகசியமாக ஜெர்மனிக்குள் போய், குருத்து ஞாயிறன்று கோவில்களில் வாசிக்கப்பட்டது. அதை எழுதுவதில் பங்கெடுத்த கர்தினால் பச்செல்லிதான் பின்னாளில் பன்னிரண்டாம் பயஸ் ஆனவர். ஹிட்லர் அரசோடு 1933இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் அவரே.

1942 கிறிஸ்துமஸ் வானொலிச் செய்தியில், இனத்தின் காரணமாகவே சாவுக்குக் குறிக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அதில் யூதர் என்ற சொல்லும் இல்லை, நாஜி என்ற சொல்லும் இல்லை. அவருக்காக வாதாடுபவர்கள் ஹாலந்தைக் காட்டுவார்கள். அங்கே ஆயர்கள் (பிஷப்புகள்) 1942 ஜூலையில் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். ஒரே வாரத்தில், கத்தோலிக்கராக மாறியிருந்த யூதர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். யூதராகப் பிறந்து கன்னியாஸ்திரீ ஆன எடித் ஸ்டைன் அப்படித்தான் அவுஷ்விட்சில் இறந்தார். இந்தப் பயம் உண்மையானது. ரோமின் மடங்களில் ஆயிரக்கணக்கான யூதர்கள் ஒளித்துக் காப்பாற்றப்பட்டதும் உண்மை.

ஆனால் 1943 அக்டோபர் 16 இருக்கிறதே. போப்பின் சொந்த மறைமாவட்டமான ரோமில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து அவுஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் 16 பேர். திரைமறைவில் முயற்சிகள் நடந்தன. வெளியே போப்பின் கண்டனம் வரவில்லை. அந்தக் காலத்து ஆவணங்கள் 2020 மார்ச்சில் திறக்கப்பட்டன, ஆய்வாளர்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு 1942இன் தயக்கம் புரிகிறது. 1943இன் மௌனத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனாவோடு 2018இல் செய்துகொண்ட ஒப்பந்தம் இதே தவறு இல்லையா?

சாயல் இருக்கிறது. ஆயர்களை நியமிப்பது பற்றிய ஒப்பந்தம், பல முறை புதுப்பித்தாயிற்று. அதன் வாசகம் இன்றுவரை வெளிவரவில்லை. பேரம் பேச உட்கார்ந்தவரால் கண்டிக்கவும் முடியாது, கண்டித்தவரைப் பேரத்துக்கு யாரும் அழைப்பதும் இல்லை. ஒரே ஆள் தூதராகவும் இறைவாக்கினராகவும் (தீர்க்கதரிசியாகவும்) இருக்க வேண்டியிருப்பதுதான் போப் பதவியின் தீராத தலைவலி.

சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமையை மூடிமறைத்தவர்கள் உலகத்துக்குப் புத்தி சொல்லலாமா? (திருச்சி வாசகர்)

இதற்கு என்னிடம் தற்காப்பு இல்லை. 2018 ஜனவரியில் சிலிக்குப் போன அப்போதைய போப் பிரான்சிஸ், குற்றம்சாட்டியவர்களிடம் ஆதாரம் கேட்டார். சில வாரங்களில் விசாரணைக்கு ஆள் அனுப்பினார். ஏப்ரலில், தான் பெரும் தவறு செய்துவிட்டதாக எழுதினார். மே மாதம் அந்த நாட்டு ஆயர்கள் அத்தனை பேரும் ராஜினாமா கொடுத்தார்கள். ஆர்ஜென்டினா–சிலி சமாதானத்தைப் பெருமையாகச் சொன்ன நான், அதே சிலியில் நடந்த இதையும் சொல்லத்தான் வேண்டும்.

2015இல் பாப்பரசர் மடுவுக்கு வந்தாரே, எங்களுக்கு என்ன கிடைத்தது? (மன்னார் வாசகர்)

ஜனாதிபதித் தேர்தல் முடிந்த ஆறாம் நாள், ஜனவரி 14, மடு மாதாவின் முன்னால் நின்றார். முந்தின நாள் கொழும்பில் இறங்கியவுடனே, பழைய காயத்தைக் கிளறுவதற்காக அல்ல, நீதிக்காக உண்மையைத் தேட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு உண்மை எவ்வளவு தேடப்பட்டது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஏணியைக் கொண்டுவந்து வைத்தால் போதாது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இப்போது அமெரிக்கரே போப் ஆகிவிட்டார். இனி யார் நம்புவார்கள்?

பதினான்காம் லியோ பெருவில் பல வருடம் மக்களோடு வாழ்ந்தவர், சிக்லாயோவின் ஆயராக இருந்தவர், பெரு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர். அதனால் பாஸ்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். பதவியேற்ற மே 2025இலேயே, உக்ரைன் பேச்சுவார்த்தையை வத்திக்கானில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இரண்டு ஆர்த்தடாக்ஸ் நாடுகள் கத்தோலிக்க இடத்தில் உட்கார்ந்து பேசுவது அழகாக இருக்காது என்று தட்டிக்கழித்துவிட்டார். அவர் சொன்னதில் அமெரிக்கா என்ற பேச்சே வரவில்லை, கவனித்தீர்களா?