தனி ஆளுக்கு ரூம் உண்டா? ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வாரம்: கேள்வி-பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தனியாகப் போய் ஒரு வாரம் ஓய்வாக இருப்பது பற்றி வந்த கேள்விகளில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி: பிப்ரவரி, மார்ச்சில் ஏழு நாள் லீவு கிடைக்கும். கோயில் கோயிலாக அலையாமல் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ராமேஸ்வரத்தில் தங்குவதா, அரியமானிலா? (வாசகி, கோவை)

பதில்: நல்ல மாதங்கள்தான். இந்தக் கரைக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் பெண் கடல் வருடம் முழுக்க அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றில் வடபுறம் கலங்கிக் கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தென்புறம் கொந்தளிக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டுக்கும் நடுவில் வருகிறது, வெயிலும் ஏறியிருக்காது.

சும்மா இருப்பதற்கு ராமேஸ்வரம் நகர் பொருந்தாது. அக்னி தீர்த்தத்தைச் சுற்றி விடியற்காலையிலிருந்தே கூட்டம். உச்சிப்புளிக்கு அருகே உள்ள அரியமான் பாக் நீரிணைப் பக்கம். சவுக்குத் தோப்பு, ஆழமில்லாத கடல். குறை என்னவென்றால் தங்கும் இடங்கள் குறைவு, இருட்டிய பிறகு சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் சிரமம். தனியாகப் போகிறவர், அதிலும் பெண், தங்குமிடத்திலேயே இரவுச் சாப்பாடு உண்டா என்று கேட்டு உறுதி செய்யாமல் அங்கே ஏழு இரவு பதிவு செய்ய வேண்டாம். முதல் நான்கு இரவு அரியமான், கடைசி மூன்று இரவு ராமேஸ்வரம் என்று பிரிப்பது எங்கள் யோசனை. பக்கத்து பிரப்பன்வலசையில் கயாக், துடுப்புப் பலகைப் பயிற்சி உண்டு. உயிர்காப்பு அங்கி தராமல் தண்ணீரில் இறக்குகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

தேதி குறிக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, மகா சிவராத்திரி நாட்களில் ராமேஸ்வரத்தில் வாடகை ஏறும், பேரம் எடுபடாது. தை அமாவாசையும் சிவராத்திரியும் உங்கள் லீவை ஒட்டித்தான் வரும்.

கேள்வி: செயலி வழியாகப் பணம் கட்டி அறை பதிவு செய்தேன். ராத்திரி போய் நின்றால், “சிங்கிளுக்கு ரூம் தர மாட்டோம் சார்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணமும் முழுதாக வரவில்லை. இதற்குச் சட்டம் உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: தனி ஆளுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அறைக்குள் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால் போலீஸ் விசாரணை வருமே என்ற பயத்தில் லாட்ஜ்கள் தாமாக வைத்துக்கொண்ட வழக்கம் இது. கோயில் ஊர்களில் இது அதிகம். பணம் வாங்கிப் பதிவை உறுதி செய்துவிட்டு வாசலில் மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு.

பலர் கோட்டை விடுவது அடுத்த நிமிடத்தில். ஊழியர், “நீங்களே கேன்சல் பண்ணிடுங்க, பணம் வந்துடும்” என்பார். செய்யாதீர்கள். நீங்கள் ரத்து பொத்தானை அழுத்தினால் அது உங்கள் ரத்து. கடைசி நேர ரத்து என்று ஒரு நாள் வாடகையோ முழுத் தொகையோ போய்விடும். உங்களுக்கும் இதுதான் நடந்திருக்க வேண்டும். வரவேற்பு மேசை முன்னால் நின்றபடியே செயலியின் உதவி எண்ணை அழைத்து, அறை மறுக்கப்பட்டது என்று புகார் பதிய வைத்து, புகார் எண் வாங்குங்கள். மேசை, பெயர்ப் பலகை, நேரம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். மறுத்த காரணத்தை லாட்ஜின் வாட்ஸ்அப்புக்கு நீங்களே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். அவர்கள் பதில் போடாவிட்டாலும் அது ஆவணம்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்காக ராமநாதபுரம் வர வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் சேலத்திலேயே தாக்கல் செய்யலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

இனிப் போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே லாட்ஜுக்கு நேரடியாகப் போன் செய்து, “ஒரே ஆள், ஏழு இரவு, பரவாயில்லையா?” என்று கேளுங்கள். ‘சரி’ என்றால் அதையே வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். செயலியில் ஆள் எண்ணிக்கை 1 என்றே போடுங்கள். இரண்டு என்று போட்டுவிட்டு ஒருவராகப் போனால் மறுக்க ஒரு சாக்குக் கிடைத்துவிடும். திரும்பும் டிக்கெட்டைக் காட்டினால் தயங்குகிற மேலாளர் பெரும்பாலும் இறங்கி வருவார். அடையாள அட்டைக்கு ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார்தான் வேண்டும் என்றால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரின் நகலைக் கொடுக்கலாம்.

இரட்டைக் கட்டில் அறைக்கு ஒருவராக இருந்தாலும் முழு வாடகைதான். அதைக் குறைக்க, முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். குழாயில் வருவது உப்புத் தண்ணீரா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா அல்லது விசிறி மட்டுமா, உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, மீதி ஐந்து இரவுக்கு நேரில் பேசுங்கள். செயலிக்குப் போகும் தரகு மிச்சம் என்பதால் விட்டுக்கொடுப்பார்கள். வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்பதையும் முன்பே கேளுங்கள். சென்னையிலிருந்து வரும் இரவு ரயில்கள் அதிகாலையில் இறக்கிவிடும்; 12 மணிக் கணக்கு என்றால் அரை நாள் பெட்டியோடு வெளியில், இல்லாவிட்டால் ஒரு நாள் வாடகை கூடுதல்.

கேள்வி: நாள் வாடகை 1,800 ரூபாய் அறையில் ஏழு நாள் தங்கியதற்கு 12 சதவீத ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா? (வாசகர், திருச்சி)

பதில்: 2025 செப்டம்பர் 22-இலிருந்து நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம்தான். ஏழு நாளுக்கு 12,600 ரூபாய், வரி 630. உங்களிடம் வாங்கியது 1,512. மீதி 882 ரூபாயைக் கேளுங்கள். பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். பதிவு எண்ணே இல்லாத சிறு லாட்ஜ் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. ஓட்டல் பில்லில் ‘சேவைக் கட்டணம்’ இருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம்.

கேள்வி: மீன் சாப்பாட்டுக்கு எப்போது, எங்கே? விலை ஏமாற்றாமல் இருக்க என்ன வழி? (வாசகர், மதுரை)

பதில்: ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அதனால் ஞாயிறு, செவ்வாய், வியாழன் மீன் புதிதாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலையும் ஏறும். விலைப் பட்டியலில் எண்ணுக்குப் பதில் ‘அன்றைய விலை’ என்று இருந்தால், பொரிக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லி, எடை போட்டு, மொத்த ரூபாயைக் கேட்டுவிடுங்கள். தனி ஆளுக்கு அரைக் கிலோ மீனே மிஞ்சும். முழு மீன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம்தான்.

கேள்வி: ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துத் தனுஷ்கோடி போகலாமா? (வாசகர், பெங்களூரு)

பதில்: போகலாம். முதலில் வண்டியின் நம்பர் பலகை. வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டி சொந்த உபயோகத்துக்குப் பதிவானது. அதை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும். எடுக்கும் முன் நாலு பக்கமும் கீறல்களை, பெட்ரோல் அளவை வீடியோ எடுங்கள். அசல் உரிமத்தையோ ஆதாரையோ பிணையாக விட்டுவராதீர்கள். பணப் பிணை கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடிச் சாலை முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலைதான் என்றாலும் காற்றில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி சறுக்கும். அங்கே கடலில் இறங்க வேண்டாம். இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம். மாலையில் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். போனில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டுப் போங்கள். இலங்கை டவரைப் பிடித்தால் பில் எகிறும்.

கேள்வி: வலம்புரிச் சங்கு என்று 6,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். காதில் வைத்தால் ‘ஓம்’ என்று கேட்கிறது. வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வேண்டாம். அசல் வலம்புரி மிக அரிது. அந்த விலைக்குக் கடை வாசலில் கிடைக்காது. வலம்புரி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கடலோரத்துச் சங்கு வகை ஒன்று. அது இயல்பிலேயே நம் சாதாரணச் சங்குக்கு எதிர்த்திசையில் சுழல்வது. சுருள் உள்ள முனை கீழே, ஒடுங்கிய வால் முனை மேலே, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் இரண்டுக்குமே வாய் வலப்பக்கம்தான் திறக்கும். அதனால் அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. வாய்க்குள் நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் கடல் சங்கில் 3, 4 மடிப்புக் கோடுகள் விரலில் தட்டுப்படும். அமெரிக்க வகையில் வழவழவென்று இருக்கும். சத்தத்தை நம்பாதீர்கள், காலி டம்ளரைக் காதில் வைத்தாலும் அது கேட்கும்.

வீட்டுப் பூஜைக்குச் சாதாரண இடம்புரிச் சங்கு போதும், பில்லோடு வாங்குங்கள். பவளத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை யார் மலிவாக நீட்டினாலும் தொடாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் விற்றவரைப் போலவே, பையில் வைத்திருப்பவர் மீதும் வழக்கு வரும். கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்ததை எடுத்தேன் என்பதும் செல்லாது.