டப்பா பேரை விடுங்க, பின்பக்கத்தை படிங்க: நீச்சல் குள கெமிக்கல் செலவு பத்தி வாசகர் கேள்விகள்

வெயில் ஏற ஏற குளத்துல கூட்டம் கூடும், கூட்டம் கூடினா கெமிக்கல் பில்லும் கூடும், இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல காசு பத்தினதுதான். இருபது வருஷமா குளத்து ஓரத்துலயே நிக்கறவன்ங்கற முறையில எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: எங்க அபார்ட்மென்ட்ல 60 வீடு. குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1.2, மறுபக்கம் 1.8 மீட்டர். போர் தண்ணி. மெயின்டனன்ஸ் பாக்கறவர் மாசாமாசம் ஷாக் பவுடர், பிஎச் பிளஸ், ஆல்கலினிட்டி பூஸ்டர், பாசி மருந்து, கிளாரிஃபையர்னு அஞ்சு ஐட்டத்துக்கு பில் தர்றார். ஷாக் பவுடர் மட்டும் கிலோ 480 ரூபாய். கேட்டா குழந்தைங்க பாதுகாப்பு சார்ங்கறார், அதுக்கு மேல பேச முடியல. வெளியில விசாரிச்சதுல கால்சியம் ஹைப்போ கிலோ 260, டிசிசிஏ 90ங்கற 90 சதவீத குளோரின் சரக்கு கிலோ 320, 10 சதவீத லிக்விட் குளோரின் லிட்டர் 22 ரூபாய்னாங்க. எதை வாங்கறது, எதை நிறுத்தறது?
— சங்க செயலாளர், சோழிங்கநல்லூர்

பதில்: சார், பாதுகாப்புன்னு சொன்னதும் வாயடைச்சு போறது எல்லா சங்கத்துலயும் நடக்கறதுதான். ஆனா குழந்தைங்கள காப்பாத்தறது டப்பா மேல இருக்கற பேரு இல்ல, தண்ணில மிச்சம் நிக்கற குளோரின். முதல்ல அந்த அஞ்சு டப்பாவையும் திருப்பி பின்பக்கம் பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. ஷாக் பவுடர்ல பெரும்பாலும் கால்சியம் ஹைப்போகுளோரைட் 65 சதவீதம்னு இருக்கும், அதாவது உங்களுக்கு வெளியில 260க்கு சொன்ன அதே சரக்கு. ஷாக்ங்கறது தனி மருந்து கிடையாது, ஒரே நேரத்துல குளோரினை தூக்கலா போடற வேலைக்குத்தான் அந்த பேரு, அத லிக்விட் குளோரின்லயே செய்யலாம். ஆல்கலினிட்டி பூஸ்டர் நம்ம சமையல் சோடா, பிஎச் பிளஸ் சோடா ஆஷ்.

இதுல ரெண்டும் உங்களுக்கு தேவையான்னே எனக்கு சந்தேகம். நம்ம பக்கத்து போர் தண்ணில ஆல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை, ஏற்கனவே அதிகமாத்தான் இருக்கும், தண்ணி புளிப்பா காரமான்னு காட்டற பிஎச் அளவு தானாவே மேல ஏறும், அத இறக்க ஆசிட்தான் வாங்க வேண்டி வரும். ஒரு வாரம் ஏத்தறதுக்கு பவுடர், மறு வாரம் இறக்கறதுக்கு ஆசிட்னு ரெண்டுக்கும் பில் வந்த குளத்தை நானே பாத்திருக்கேன். டெஸ்ட் ரிப்போர்ட்ட காட்டுங்க, பிஎச் 7.2க்கு கீழ இருந்தா மட்டும் வாங்கலாம்னு சொல்லிடுங்க.

இப்ப குளோரின் கணக்கு. நீங்க காசு குடுக்கறது பவுடருக்கு இல்ல, அதுக்குள்ள இருக்கற குளோரினுக்கு, அதனால கிலோ விலைய பாக்காம 100 கிராம் குளோரின் என்ன விலை விழுதுன்னு பாருங்க. அந்த ஷாக் பவுடர் ஒரு கிலோவுல 650 கிராம் குளோரின், அப்ப 100 கிராம் 74 ரூபாய். வெளிக்கடை கால்சியம் ஹைப்போ 40 ரூபாய். டிசிசிஏ 900 கிராம் குடுக்கும், அது 35 ரூபாய் சொச்சம். லிக்விட் ஒரு லிட்டர்ல 100 கிராம், 22 ரூபாய்தான். உங்க குளம் சராசரி ஆழம் 1.5 மீட்டர் வச்சா 75,000 லிட்டர், ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு, ஏத்த 75 கிராம் குளோரின் வேணும். ஒரு நாளைக்கு ரெண்டரை பிபிஎம் செலவாகுதுன்னு வைங்க, மாசத்துக்கு 5.6 கிலோ குளோரின். ஷாக் பவுடர்லயே ஓட்டினா 4,150 ரூபாய், லிக்விட்ல 1,240 ரூபாய், தண்ணிக்கு போய் சேர்ற குளோரின் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

கால்சியம் ஹைப்போ இன்னொரு வேலையும் பண்ணும், போடப்போட தண்ணில கால்சியம் ஏறும். ஏற்கனவே கடினமான போர் தண்ணில அது டைல்ஸ் ஓரத்துல வெள்ளை வெள்ளையா படியும், அப்புறம் அத தேய்க்க ஆள் கூலி. அதனாலயும் உங்களுக்கு லிக்விட்தான் சரி. ஆனா வெறும் லிக்விட் போட்டா வெயில் குடிச்சிடும், காலையில போட்டது மதியத்துக்குள்ள பெரும்பாலும் காணாம போயிடும். அதுக்கு ஸ்டெபிலைசர் வேணும், சயனூரிக் ஆசிட்னு பேரு, 30லருந்து 50 பிபிஎம் இருந்தா போதும். அத தனியா வாங்க வேண்டாம், ஏன்னா டிசிசிஏக்குள்ளயே அது இருக்கு. முதல் மூணு நாலு வாரம் டிசிசிஏ போடுங்க, மொத்தம் அஞ்சரை கிலோ போல, ஸ்டெபிலைசர் 40க்கு வந்துடும், அப்புறம் லிக்விடுக்கு மாறிடுங்க. ஸ்டெபிலைசர் ஆவியாகி போகாது, ஃபில்டரை தண்ணி விட்டு கழுவற பேக்வாஷ்லயும் குளிக்கறவங்க மேலயும் போற தண்ணியோடதான் குறையும். லிக்விடை பொழுது சாஞ்சப்புறம், பம்ப் ஓடறப்ப போடுங்க.

பாசி மருந்து, கிளாரிஃபையர் ரெண்டையும் நிறுத்தி பாருங்க. ஸ்டெபிலைசர் அளவோட இருந்து, குளோரின் ஒரு நாள் கூட பூஜ்யத்துக்கு போகாத குளத்துல பாசி வராது, சாண்ட் ஃபில்டரை ஒழுங்கா பேக்வாஷ் பண்ற குளத்துல கலங்கலுக்கு தனியா மருந்து தேவைப்படாது.

கேள்வி: ரிசார்ட் குளம், ஒரு லட்சம் லிட்டர். ஆறு மாசமா டிசிசிஏ மட்டும் தினம் 300 கிராம். டெஸ்ட் பண்ணா குளோரின் 3 காட்டுது, ஆனா சுவரெல்லாம் பச்சை வழுவழுப்பு. கடைக்காரர் இன்னும் ஸ்ட்ராங்கான பாசி மருந்து வாங்க சொல்றார்.
— ரிசார்ட் மேனேஜர், பொள்ளாச்சி

பதில்: வாங்காதீங்க. மேல சொன்ன அதே ஸ்டெபிலைசர்தான், அளவு மீறி போச்சு. டிசிசிஏ எடையில பாதிக்கு மேல சயனூரிக் ஆசிட். தினம் 300 கிராம்னா மாசம் 9 கிலோ, உங்க குளத்துல மாசத்துக்கு சுமார் 50 பிபிஎம் ஏறும். குளோரின் செலவாகி போயிடும், இது மட்டும் தங்கிடும். தங்கி குளோரினை இறுக்கி பிடிச்சுக்கும், டெஸ்ட்ல குளோரின் இருக்குன்னு காட்டும், வேலை செய்யாது. ஸ்டெபிலைசர் அளவுல ஏழரை சதவீதமாவது குளோரின் நிக்கணும்ங்கறது நான் கடைப்பிடிக்கற கணக்கு. 40 இருந்தா 3 பிபிஎம் போதும், 200 ஆயிட்டா 15 வேணும், அத எவ்வளவு காசு போட்டும் தாக்குப்பிடிக்க முடியாது.

அளந்து பாருங்க, கிட் சின்னதுதான். குளத்து தண்ணியோட மருந்தை கலந்தா பால் மாதிரி கலங்கும், அத ஒரு குழாய்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக்கிட்டே மேலருந்து பாக்கணும், அடியில இருக்கற கறுப்பு புள்ளி எந்த கோட்டுல மறையுதோ அதுதான் உங்க அளவு. 100க்கு மேல இருந்தா மருந்து எதுவும் உதவாது, தண்ணிய மாத்தணும். பாதி மாத்தினா அளவும் பாதியாகும், 200 இருந்ததுன்னா இன்னொரு தடவையும் மாத்தணும். உங்களுக்கு ஒரு தடவைக்கு 50,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரி நாலுக்கு மேல, இந்த செலவையும் சேர்த்தா டிசிசிஏ விலை என்னன்னு யோசிங்க. அவசரம் இல்லன்னா ஐப்பசி கார்த்திகை மழைய விடாதீங்க. மழைக்கு முன்னாடி கொஞ்சம் தண்ணிய இறக்கி வச்சிட்டா வானமே நிரப்பி குடுக்கும், மழை தண்ணில ஸ்டெபிலைசரும் இல்ல கால்சியமும் இல்ல. ஆனா அந்த சமயத்துல குளத்தை முழுசா காலி பண்ணிடாதீங்க, நிலத்தடி தண்ணி மேல வந்து அடியிலருந்து தள்ளி தரையையே தூக்கிடும்.

கேள்வி: பிளீச்சிங் பவுடர் கிலோ 40 ரூபாய்க்கு கிடைக்குது. அதையே போட்டா என்ன?
— வாசகர், மதுரை

பதில்: புது பவுடர்ல 33 சதவீதம் குளோரின்னு வச்சா 100 கிராம் 12 ரூபாய்தான், கணக்குல இதுதான் மலிவு. ஆனா மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு, அது கரையாம அடியில மாவு மாதிரி படியும், ஃபில்டரை அடைக்கும். வேற வழியே இல்லன்னா வாளில தண்ணி எடுத்து அதுல பவுடரை கரைச்சு, ராத்திரி பூரா தெளிய விட்டு, மேல நிக்கற தெளிஞ்ச தண்ணிய மட்டும் குளத்துல ஊத்துங்க. வாய் திறந்து வச்ச மூட்டைய வாங்காதீங்க, குளோரின் போயிருக்கும், வெறும் சுண்ணாம்புக்கு காசு குடுத்த மாதிரி ஆயிடும்.

கேள்வி: என் பொண்ணு நீச்சல் கிளாஸ் போயிட்டு வந்தா கண்ணு செவந்து போயிருக்கு, குளத்துகிட்ட போனாலே குளோரின் நெடி தூக்குது. குளோரினை குறைங்க, உங்களுக்கும் செலவு மிச்சம்னு நிர்வாகத்துகிட்ட சொல்லலாமா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, சொல்லிடாதீங்க, விஷயம் நேர்மாறு. அந்த நெடி நல்ல குளோரினோடது இல்ல. வியர்வை, மூத்திரம் இதுகளோட சேர்ந்து கெட்டுப்போன குளோரின், குளோராமைன்னு சொல்வாங்க, கண்ணு எரியறது அதாலதான். அத உடைக்க குளோரின் கூடத்தான் வேணும், குறைச்சா கிருமிதான் மிஞ்சும். நிர்வாகம் எந்த கிட் வச்சிருக்குன்னு கேளுங்க. சொட்டு விட்டா மஞ்சளாகற கிட் நல்லது கெட்டது ரெண்டையும் சேர்த்துதான் காட்டும், அத பாத்து நிறைய இருக்குன்னு நினைச்சுக்கறாங்க. ரோஸ் கலர் வர்ற டிபிடி கிட் ரெண்டையும் பிரிச்சு காட்டும்.

செலவை குறைக்கணும்னா குளிச்சிட்டு இறங்கறத கட்டாயமாக்க சொல்லுங்க. நம்ம ஊர்ல தலை நிறைய தேங்காண்ணெய் வச்சு பின்னி அப்படியே தண்ணில குதிக்கற பழக்கம் இருக்கு, சாயங்காலம் டைல்ஸ் ஓரத்துல விரல் வச்சு இழுத்து பாருங்க, பிசுபிசுன்னு கையில ஒட்டும். அந்த எண்ணெய் ஃபில்டர் மணலையும் பாழாக்கும், குளோரினையும் தின்னும். ரெண்டு நிமிஷ ஷவர்ல மிச்சமாகற குளோரினை எந்த கடை டிஸ்கவுண்ட்டும் குடுக்காது.

கேள்வி: வருஷத்துக்கு வேண்டிய லிக்விட் குளோரின், கால்சியம் ஹைப்போ, டிசிசிஏ எல்லாத்தையும் மொத்தமா வாங்கினா விலை நல்லா குறைச்சு தர்றாங்க. ஸ்கூல் குளத்துக்கு வாங்கி வச்சுக்கலாமா? இடம் இருக்கு.
— விளையாட்டு ஆசிரியர், சேலம்

பதில்: லிக்விடை கண்டிப்பா வேண்டாம் சார். சூட்டுல அது தானா வலு இறங்கும், தகர ஷெட்டுல சித்திரை வெயில் பட்ட கேன் ஒரு மாசத்துல எவ்வளவோ இறங்கிடும், மலிவா வாங்கினது போடறப்ப ரெண்டு மடங்கு போட வேண்டியிருக்கும். ரெண்டு வாரத்துக்கு ஆகறத மட்டும், தயாரிச்ச தேதி பாத்து வாங்குங்க. டிசிசிஏ ஈரம் படாம மூடி வச்சா நாள்பட தாங்கும், அத மட்டும் மொத்தமா வாங்கலாம், ஆனா ஸ்டெபிலைசர் ஏறுற கதைதான் மேல சொன்னேனே, எவ்வளவு வேணும்னு அளந்துட்டு வாங்குங்க.

கால்சியம் ஹைப்போவையும் டிசிசிஏவையும் ஒரே ரூம்ல வைக்கறத பத்தி நினைக்கவே நினைக்காதீங்க. ரெண்டுமே குளோரின்தானேன்னு தோணும், ஆனா ஒண்ணோட ஒண்ணு கலந்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரு குளத்துல வேலைக்கு புதுசா வந்த பையன், டிசிசிஏ அள்ளின அதே பிளாஸ்டிக் மக்கை, கழுவின ஈரத்தோட ஹைப்போ டிரம்முக்குள்ள விட்டான். ஊதுபத்தி புகை மாதிரி மெல்லிசாத்தான் ஆரம்பிச்சது, நான் என்னன்னு பாக்கறதுக்குள்ள மக் நெளிஞ்சு போச்சு, நெடி தொண்டைய பிடிச்சிடுச்சு. பையன் கைய பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியில ஓடினோம், அவனுக்கு ஒண்ணும் ஆகல. அன்னிலருந்து நான் போற குளத்துல எல்லாம் டிசிசிஏக்கு சிவப்பு மக், ஹைப்போவுக்கு நீல மக், ரெண்டும் வேற வேற ரூம், ஆசிட் கேன் மூணாவது இடத்துல, ஏன்னா குளோரின்ல ஆசிட் பட்டா விஷவாயு கிளம்பும். கெமிக்கலை எடுத்துதான் தண்ணில போடணும், கெமிக்கல் மேல தண்ணி ஊத்தக்கூடாது. உங்க ஸ்கூல்ல ரெண்டு ரூம் தனித்தனியா ஒதுக்க முடியலன்னா ஏதாவது ஒரே வகை குளோரினை மட்டும் வாங்குங்க சார், அந்த டிஸ்கவுண்ட் போனா போகட்டும்.