பொன்னாடைக்கு முன் டிஸ்சார்ஜ் புத்தகம்

கேள்வி: எங்கள் ஊரில் முன்னாள் ராணுவத்தினர் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். கணவரை இழந்த அம்மாக்கள் ஏழெட்டுப் பேர். டிசம்பர் 7, கொடி நாளன்று எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தி விழா எடுக்க இளைஞர் மன்றத்தில் முடிவு செய்திருக்கிறோம். கையில் பணம் குறைவு. அவர்களுக்கு உண்மையிலேயே உபயோகமாக என்ன செய்யலாம்?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: விழாவைத் தாராளமாக நடத்துங்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, நவம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு காலையையும் ஒதுக்குங்கள். இரண்டு மேசை, ஒரு ஜெராக்ஸ் மெஷின், கேமரா நன்றாக உள்ள இரண்டு செல்போன், சிக்னல் கிடைக்கும் இடம் இருந்தால் போதும். படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய உத்தரவான பி.பி.ஓ., ஆதார், பான், பாஸ்புக் எல்லாவற்றோடும் மனைவியையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது மனைவியின் பெயரைத்தான். பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி பெயர் இருக்கும். அதில் முனியம்மா, ஆதாரில் முனியம்மாள். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு 'எல்' கூடும், அவ்வளவுதான். கணவர் இருக்கும்வரை அந்த ஓர் எழுத்து யார் கண்ணிலும் படாது. அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியம் அங்கேதான் சிக்கிக்கொள்ளும். இனிஷியலும் பிறந்த தேதியும் இப்படித்தான் இடறும். மற்ற ஆவணங்கள் எல்லாம் ஒத்துப்போய் ஆதார் மட்டும் மாறியிருந்தால் ஆதாரைத் திருத்துங்கள், அது சுலபம். ராணுவப் பதிவுதான் தவறென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் சொல்லி, கணவரின் படைப்பிரிவு ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்றால் பெங்களூரு. கணவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு அந்த அம்மா தனியாக அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது உயிர்வாழ் சான்று. பெரும்பாலானவர்களுக்கு நவம்பரில் கொடுக்க வேண்டியிருக்கும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாது. மெஷினோடு மல்லுக்கட்டாமல் செல்போனில் முகத்தைக் காட்டிச் செய்துவிடுங்கள். தவறு நடப்பது வேறு இடத்தில். பாதுகாப்புத் துறையே ஓய்வூதியத்தை நேரடியாக வழங்கும் 'ஸ்பர்ஷ்' இணைய முறைக்கு மாறியவர்களும் பழக்கத்தில், ஓய்வூதியம் வழங்கும் அமைப்பு என்ற கட்டத்தில் தங்கள் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். சான்று வேறெங்கோ போய்விடும், ஓய்வூதியம் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் ஸ்பர்ஷ் என்றே இருக்க வேண்டும்.

கணவரை இழந்த அம்மாக்களிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். கணவர் இறந்த நாளுக்குப் பிறகான அவருடைய ஓய்வூதியம் கணக்கில் ஏறியிருந்தால் அதைத் தொடக் கூடாது, திரும்பப் பிடிப்பார்கள். ஓய்வு பெற்ற பின் இறந்தவரின் மனைவிக்கு, கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம் என்ற கூடுதல் விகிதக் குடும்ப ஓய்வூதியம் 7 ஆண்டுகள் வரை, அல்லது கணவருக்கு 67 வயது நிரம்பியிருக்கக்கூடிய நாள் வரை, எது முந்துகிறதோ அதுவரைதான். பிறகு 30 சதவீதம். திடீரென்று தொகை குறைந்ததும் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று பலர் பயந்துபோகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அந்தப் பயம் இராது. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டையில் அவர்களை முதன்மை உறுப்பினராக மாற்றியாகிவிட்டதா என்றும் பாருங்கள்.

இனி விழா. அழைப்பிதழில் பெயருக்கு முன் பதவியைச் சரியாகப் போடுங்கள்: ஓய்வு பெற்ற ஹவில்தார், ஓய்வு பெற்ற நாயக் என்று. கப்பற்படை, விமானப்படைக்காரர்கள் இருந்தால் 'முன்னாள் படைவீரர்' என்பதே எல்லோருக்கும் பொருந்தும். கொடி நாள் வசூல் செய்வதாக இருந்தால் நீங்களாக உண்டியல் வைக்காதீர்கள், மாவட்ட நல அலுவலகம் மூலமாகவே செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். கணவரை இழந்தவர்கள் நம் ஊர் விசேஷங்களில் தாங்களாகவே கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். வரவேற்பில் குங்குமத் தட்டு அவர்களைத் தாண்டிப் போகும். கணவர் எல்லையில் இருந்த வருடங்களில் பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைப் பார்த்து, நிலத்தையும் கடனையும் சமாளித்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு முன்வரிசை நாற்காலி போடுங்கள். குத்துவிளக்கை அவர்களில் மூத்தவரை ஏற்றச் சொல்லுங்கள். மேடையில் திடீரென்று கூப்பிட்டால் கூச்சத்தில் மறுத்துவிடுவார். முந்தின நாளே வீட்டுக்குப் போய், மகனிடமோ மருமகளிடமோ இல்லாமல் அவரிடமே கேளுங்கள்.